தையில் தொடங்குங்கள், கடல் தொட்டியை

கார்த்திகைக் கடைசியில் ஒரு சாயங்காலம் என் அக்கா மகன் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி மயிலாடுதுறைக்கு வந்து நின்றான். கையில் ஒரு தெர்மோகோல் பெட்டி, அதற்குள் பாலித்தீன் பை, பைக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள். "சித்தி, சென்னை போயிருந்தேன். கொளத்தூர் மீன் கடையில பாத்ததும் விட்டுட்டு வர மனசு வரல. தொட்டி அடுத்த வாரம் வாங்கிடுறேன், அதுவரைக்கும் ஒரு பக்கெட்ல வெச்சிருக்க முடியுமா?" என்றான்.

அந்த இரண்டு மீனும் பிழைத்ததற்குக் காரணம் ஒரு துண்டுப் பஞ்சு. கடல் மீன் வளர்க்கும் என் பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மூலையில் ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரை எப்போதும் கூடுதலாக ஓடவிட்டிருப்பேன். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். அதைத் தூக்கி ஒரு 40 லிட்டர் தொட்டியில் வைத்து, என் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, மீன்களை அதில் விட்டேன். மூன்று மாதம் அவை என் வீட்டில் இருந்தன. அந்த மூன்று மாதத்தில் அவன் தொட்டியை நாங்கள் இருவரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உருவாக்கினோம்.

சீர்காழிப் பக்கம் ஒரு இறால் பண்ணையில் ஒன்பது வருடம் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை பார்த்தவள் நான். பண்ணையில் குஞ்சு விடுவதற்கு முன்பே குளத்தில் தண்ணீர் ஏற்றி, அது பதப்படும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். குஞ்சு எந்த நாள் இறங்கலாம் என்பதைத் தண்ணீர்தான் சொல்லும். வீட்டுத் தொட்டிக்கும் அதே கணக்குதான். முதலில் தண்ணீரை வளர்க்க வேண்டும், மீன் கடைசியில் வரட்டும். அவனிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன், நம் டெல்டாவின் வெயிலையும் தண்ணீரையும் கரண்டையும் மனதில் வைத்து.

தை மாதம் தொடங்கச் சொல்வது சாஸ்திரத்துக்காகச் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழையும் புயலும். எப்போது கரண்ட் போகும் என்று தெரியாது. தையில் அந்தக் கவலை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தை முதல் வாரத்தில் தண்ணீர் நிரப்பினால் மாசி பாதிக்கு மேல் தொட்டி பழகிவிடும், பங்குனியில் முதல் மீன் இறங்கலாம். சித்திரை வெயில் அடிக்கும்போது உள்ளே ஒன்றிரண்டு மீன்தான் இருக்கும். மீன் குறைவான தொட்டி சூட்டைத் தாங்கிக்கொள்ளும். சித்திரையிலேயே தொடங்கினால் புதுத் தண்ணீரோடும் வெயிலோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தொட்டியும் இடமும்

சின்னதாக ஒரு அடித் தொட்டி போதும் என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். கடல் மீனுக்குச் சின்னத் தொட்டிதான் கஷ்டம். தண்ணீர் குறைந்தால் சூடும் உப்பும் கழிவும் ஒரே நாளில் ஏறி இறங்கும், தவறைத் திருத்த நேரம் கிடைக்காது. உள்ளே உண்மையாகவே 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டும். நாங்கள் எடுத்தது 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 8 மில்லிமீட்டர் கண்ணாடி. மேலே இரண்டு அங்குலம் விட்டு, கல்லும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 120 லிட்டர் பிடிக்கிறது. இனி நான் சொல்லும் அளவெல்லாம் இந்தத் தொட்டிக்குத்தான்.

தண்ணீர், கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்து 180 கிலோ வரும். கொள்முதல் நிலையத்தில் எடை போடும் 40 கிலோ நெல் மூட்டை நாலரையை ஒரே இடத்தில் நிரந்தரமாக அடுக்கி வைப்பது மாதிரி. இரும்பு ஸ்டாண்டு உப்புக் காற்றிலேயே துருப்பிடிக்கும், உப்புத் தண்ணீர் சொட்டினால் கேட்கவே வேண்டாம். அவன் வீட்டில் கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டு செங்கல் தூண் எழுப்பி, மேலே கடப்பாக் கல் போட்டு, அதன்மேல் ஒரு தெர்மோகோல் ஷீட் விரித்தோம். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியை ஏற்றினோம்.

மேலக்காவேரியில் அவனுடையது பழைய ஓட்டு வீடு. முற்றத்துப் பக்கம் வைத்தால் அழகாக இருக்கும் என்று அவன் ஆசைப்பட்டான். நேர் வெயில் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீர் கொதிக்கும். கூடத்தின் உள் சுவரோரம், வெயிலே படாத இடத்தில்தான் வைத்தோம். சமையலறையை ஒட்டியும் வேண்டாம், தாளிக்கும் எண்ணெய்ப்புகை தண்ணீர்மேல் படலமாகப் படியும்.

இதைவிட முக்கியமானது கொசு மருந்து. கொசுவத்தியிலும் திரவ மருந்திலும் இருக்கும் பைரத்ராய்டு வகை நஞ்சு மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடியது. ஏர் பம்பு அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கும் அறையில் அதை ஏற்றவே கூடாது. கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவுக்குள் வந்தால் ஏர் பம்பை நிறுத்திவிட்டு, தொட்டியை ஈரத் துணியால் மூடி, ஜன்னலைச் சாத்துங்கள். பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் தொட்டி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

உப்பும் தண்ணீரும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவன் கேட்ட முதல் கேள்வி, "வேதாரண்யம் பக்கத்துல இருக்கே சித்தி, கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கிக் கரைச்சா கடல் தண்ணி ஆயிடாதா?"

ஆகாது. கடல் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகளைக் கரைத்து வைத்திருக்கிறது. அதில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து 85 சதவீதத்துக்குப் பக்கம். மீதியில் சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் சுண்டும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் படியும். அதற்குப் பிறகுதான் உப்பு பூக்கும். உப்பை வாரி எடுத்தபின் அடியில் நிற்கும் கசப்பு நீரில்தான் மக்னீசியமும் பொட்டாசியமும் தங்கியிருக்கும், அதை வடித்துவிடுவார்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளியதும், இன்று நாம் குழம்பில் போடுவதும் அப்படிப் பிரித்து எடுத்த உப்புதான். அதைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் உப்புக் கரிக்கும், கடலாகாது. மீன் சில நாள் தாக்குப் பிடித்தாலும், தண்ணீரின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லாததால் எல்லாம் சரியத் தொடங்கும். கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். லிட்டருக்கு 36 கிராம் என்று வைத்தால் முதல் நிரப்பலுக்கு 4.3 கிலோ ஆகும். 10 கிலோ வாங்கினால் மீதி நாலு மாதத் தண்ணீர் மாற்றலுக்கு வரும். பையைத் திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி மூடுங்கள், நம் ஊர்க் காற்றில் இரண்டு நாளில் கட்டி தட்டிவிடும்.

அப்படியானால் கடல் தண்ணீரையே கேனில் மொண்டு வரலாமே என்று அடுத்த கேள்வி வரும். வரலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் நம் கரை காவிரியின் கரை. பூம்புகார் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சித்திரையில் அளந்தபோது 34 பிபிடி, அதாவது ஆயிரம் பங்கில் 34 பங்கு உப்பு, காட்டிய அதே இடம், கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு 24 காட்டியது. நிறமும் செம்மண் கலங்கல். ஆற்றுத் தண்ணீரோடு வயலின் உரமும் பூச்சிமருந்தும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து வரும் நாட்கள் அவை. பங்குனி, சித்திரையில், ஆற்று வாயிலிருந்து நன்றாகத் தள்ளி, கரையை விட்டுப் படகில் போய் எடுத்து, வடிகட்டி, இருட்டில் சில வாரம் வைத்துத் தெளியவிட்டால் உதவும். அவ்வளவு ஏற்பாடு இல்லாதவர்கள், புதிதாகத் தொடங்குகிறவர்கள், கலவை உப்போடு நில்லுங்கள்.

உப்பைக் கரைக்கும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் 1100 காட்டுகிறது. அதில் உப்புக் கலவையைப் போட்டால் எந்தச் சத்து எவ்வளவு என்று கணக்கே தெரியாது. வயல் சூழ்ந்த ஊர் என்றால் நைட்ரேட்டும் கலந்திருக்கும், பாசிக்கு அதுதான் உரம். ஆர்ஓ தண்ணீர் வேண்டும். வீட்டு மெஷினிலும் கேன் தண்ணீரிலும் ருசிக்காகத் தாது சேர்ப்பார்கள், அல்லது கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலப்பார்கள். மெக்கானிக்கிடம் சொல்லி மெம்பிரேனிலிருந்து நேராக வரும் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டர் 10-க்குள் காட்டினால் நிம்மதி. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று பிடித்து வைக்காதீர்கள். அது தாமிரச் சுருளில் வழிந்து வருவது, தாமிரம் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

கரைக்கும் முறை எளிது. தொட்டியில் முதலில் வெறும் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் கசிவு பாருங்கள். அப்புறம் பம்பை ஓடவிட்டு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். ஒரு ராத்திரி ஓடட்டும், காலையில் அளந்து பாருங்கள். தொட்டிக்குள்ளேயே உப்புக் கரைப்பது முதல் தடவை மட்டும்தான். உயிர் வந்தபிறகு கேனில் தனியாகக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

உப்பின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். மிதக்கும் வகை ஹைட்ரோமீட்டரில் குமிழி ஒட்டினாலே அளவு தப்பும். இறால் பண்ணைகளுக்குச் சாமான் விற்கும் கடைகள் சீர்காழியிலும் நாகப்பட்டினத்திலும் உண்டு, பண்ணைக்காரர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவது இதைத்தான். 35 பிபிடி, ஒப்படர்த்தியில் சொன்னால் 1.026, நம் இலக்கு. மாதம் ஒருமுறை 35 பிபிடி திரவம் ஒரு சொட்டு விட்டு மீட்டரையும் சரிபாருங்கள்.

ஒரு விஷயத்தை அவனிடம் மூன்று தடவை சொன்னேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு போகாது. குறைந்ததை ஈடுகட்ட நல்ல தண்ணீர், அதாவது உப்புக் கலக்காத ஆர்ஓ தண்ணீர், மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கோடையில் மின்விசிறி ஓடும்போது இந்தத் தொட்டியில் நாளுக்கு 2, 3 லிட்டர் குறையும். மூன்று நாள் கவனிக்காமல் 9 லிட்டர் குறைந்துவிட்டால் 35 இருந்தது 38-ஐத் தொடும். உப்பளத்தில் நடப்பதுதான் கூடத்தில் நடக்கிறது. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடுவரை ஊற்றுவதை வாசல் தெளிக்கிற மாதிரிப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மணல், கல்

தரங்கம்பாடிக் கரையில் மணல் அள்ளி வரலாமா என்றால், வேண்டாம். அங்கே மணலில் கறுப்பாகக் கோடு கோடாக ஓடுவது கனமான தாதுக்கள், காந்தத்தில் ஒட்டும் துகள்களும் அதில் உண்டு. பம்புக்குள் சுழல்வதே ஒரு காந்தம், துகள் போய் ஒட்டி அரைத்து அதைக் கெடுத்துவிடும். கடையில் அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை மணல் கிடைக்கும், ஒரு அங்குலம் பரப்ப 13 கிலோ. கல்லை மணலுக்கு முன்பே கண்ணாடித் தரையில் அசையாமல் நிறுத்திவிட்டு, அப்புறம் சுற்றிலும் மணலைப் போடுங்கள். மணல்மேல் கல்லை வைத்தால் மீன் அடியில் தோண்டிக் கல் சரியும்.

கல் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. பவளப்பாறையோ, கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர் குடியிருக்கும் உயிர்ப்பாறையோ எங்கே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். பவளமும் கடல் விசிறியும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி பாதுகாக்கப்பட்டவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடாவைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986-இல். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலத்தின் காயம் அங்கே இன்னும் இருக்கிறது. நம் கூடத்து அழகுக்காக அதை இன்னும் பெயர்க்க வேண்டாம். கடைகளில் உலர்ந்த செயற்கைக் கல், நுண்துளை நிறைந்தது, கிடைக்கிறது. 10 கிலோ போதும். குகை மாதிரி இரண்டு மூன்று பொந்துகள் விட்டு, பின் கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே கை போகும் இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

பக்கத்தில் தொங்கவிடும் ஃபில்டர் ஒன்று, தண்ணீரை அலைபோல் ஓடவைக்க மணிக்கு 2000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் ஒன்று. காசு மிஞ்சினால் கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர். விளக்கு சாதாரண எல்ஈடி போதும், நாளுக்கு 8 மணி நேரம். நம் ஊர்க் குளிருக்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது.

மின் இணைப்பை எலெக்ட்ரீஷியன் வைத்துச் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் நன்றாக மின்சாரம் கடத்தும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாமல் தொட்டியில் கை விடாதீர்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி, வளைந்து மேலேறிப் போகட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

காத்திருக்கும் ஐந்து வாரம்

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடல் தண்ணீரின் பிஎச் 8.2-க்குப் பக்கம். பிஎச் 7 இருக்கும் நன்னீரில் உள்ள அதே அளவு அம்மோனியா இங்கே ஏறத்தாழ பத்து மடங்கு நஞ்சாகும். நானும் என் முதல் தொட்டியில், பாக்டீரியா பாட்டில் ஊற்றினால் அன்றே மீன் விடலாம் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, நாலாம் நாள் இரண்டு டாம்சல் மீன் விட்டேன். பத்தாம் நாள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, ராத்திரிக்குள் போய்விட்டன. தண்ணீர் பரிசோதனையே வேலையாக இருந்தும் பரிசோதனைக் கிட் எடுத்து வீட்டுத் தண்ணீரைப் பார்க்காமல் விட்டேன். அது இன்றும் எனக்கு வலிக்கும்.

சரி, முறை இதுதான். சந்தையில் வாங்கிய பச்சை இறால் இரண்டை ஒரு துணிப் பையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியா அதைத் தின்று பெருகும். பாட்டில் பாக்டீரியாவும் சேர்த்தால் வேகம் கூடும், காத்திருப்பதற்கு அது மாற்றாகாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கிட்டில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அவன் தொட்டியில் எட்டாம் நாள் அம்மோனியா உச்சம் போனது, அதோடு இறாலை எடுத்துவிட்டோம். பதினைந்தாம் நாள்வாக்கில் நைட்ரைட் ஏறியது. மூன்றாவது வாரம் கல், மணல் எல்லாம் பழுப்பாகப் படிந்தது. அவன் பயந்து போன் செய்தான். அது டையாட்டம் என்ற நுண்பாசி, எல்லாப் புதுத் தொட்டியிலும் வரும், தானாகப் போகும். முப்பத்தைந்தாம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் நின்றது. உடனே மீன் விட்டுவிடவில்லை. தொட்டிக்குள் மீன் தீனி ஒரு சிட்டிகை போட்டு, மறுநாளும் இரண்டும் பூஜ்யமாகவே இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. அன்று கால் பாகத்துக்கு மேல் தண்ணீர் மாற்றினோம்.

நாற்றங்கால் விட்டு நாற்று பறிக்கும் வயது வரும்வரை பொறுப்பவர்கள்தானே நாம். இதுவும் அதே கணக்கு நாட்கள்தான்.

வெயிலும் கரண்டும்

தண்ணீர் 26 டிகிரியில் இருப்பது நல்லது. 29 வரை இந்த மீன்கள் சமாளிக்கும். 31-ஐத் தாண்டினால் ஆபத்து. அக்னி நட்சத்திரத்தில் கும்பகோணத்துக் கூடத்தில் தண்ணீர் 32 போவது சாதாரணம். சில்லர் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தண்ணீர் மேற்பரப்பின்மேல் சாய்வாக ஒரு சின்ன மின்விசிறி. ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், 2, 3 டிகிரி குறையும். மண்பானை குளிரும் அதே வழி. கடற்கரையோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், பலன் கொஞ்சம் குறையும். அப்போது ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மூடியோடு மிதக்கவிடுங்கள். இந்த 120 லிட்டரில் ஒரு பாட்டில் ஏறத்தாழ ஒரு டிகிரி இறக்கும். ஒரே நேரத்தில் நாலைந்து பாட்டில் போட்டுத் திடீரென்று குளிர்விக்க வேண்டாம்.

சூடான தண்ணீர் ஆக்ஸிஜனைக் குறைவாகத்தான் பிடிக்கும், உப்புத் தண்ணீர் அதைவிடக் குறைவு. அதனால் கரண்ட் போனால் முதலில் வருவது மூச்சுத் திணறல். பேட்டரி ஏர் பம்பு இரண்டு வாங்கி, பேட்டரியோடு தொட்டிக்கு அடியிலேயே வையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் வேவ்மேக்கரை அதில் கொடுங்கள், அதற்குச் சில வாட்தான் தேவை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபிறகு வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு காலம் வந்தால் தீனியை நிறுத்திவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும், கழிவும் குறையும். ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தாலும் காற்று கலக்கும்.

மீன்

இந்தத் தொட்டிக்கு நாலு மீன், அதற்குமேல் வேண்டாம். ஓசெல்லாரிஸ் வகைக் கோமாளி ஒரு ஜோடி, ஒரு ஃபயர்ஃபிஷ், மணலோரம் வாழும் சின்ன கோபி மீன் ஒன்று. பாசி மேய நாலு டர்போ நத்தை, ஒரு க்ளீனர் இறால்.

கோமாளியில் பண்ணையில் பொரித்ததைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், நமக்குப் பக்கத்தில் கொள்ளிடம் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைப் பொரிக்கவைத்து வளர்த்தவை. பண்ணையில் பிறந்த மீன் தொட்டிக்கும் குருணைத் தீனிக்கும் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கும். கடையில் செபே என்று விற்கும் கோமாளி நம் கடல்காரர்தான், ஆனால் பெரிதாக வளரும், இந்தத் தொட்டி போதாது. இரண்டு சின்ன ஓசெல்லாரிஸை ஒன்றாக வாங்கினால் போதும், ஆண் பெண் தேட வேண்டாம். எல்லாம் ஆணாகத்தான் வளரும், இரண்டில் மேலாதிக்கம் உள்ளது பெண்ணாக மாறும். கடலில் கோமாளி ஒண்டி வாழும் கடல் சாமந்தி என்ற உயிரினம் இல்லாவிட்டால் கோமாளி வாடும் என்பார்கள். வாடாது. சாமந்திக்குக் கடுமையான விளக்கும் முதிர்ந்த தொட்டியும் வேண்டும், அது செத்தால் தண்ணீரையே கெடுக்கும். முதல் வருடம் அந்தப் பேச்சே வேண்டாம்.

நீல டாங் மீன் வேண்டாம், நீந்த இடம் போதாமல் தவிக்கும். மான்டரின் மீன் உயிருள்ள நுண்ணிரை தேடித் தின்பது, புதுத் தொட்டியில் மெலிந்தே சாகும். மலிவாகக் கிடைக்கும் மூன்று பட்டை டாம்சல் வளர்ந்ததும் மற்றவற்றை விரட்டும்.

கூச்ச சுபாவம் உள்ளதை முதலில் விட வேண்டும். முதலில் ஃபயர்ஃபிஷ், அப்புறம் கோபி, கடைசியில் கோமாளி, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று, நாலு வாரம். அக்கா மகனிடம் கோமாளி ஏற்கெனவே இருந்ததால் அவைதான் முதலில் இறங்கின. பின்னால் வந்த ஃபயர்ஃபிஷ் ஒரு வாரம் பொந்தை விட்டு வெளியே வரவில்லை. ஃபயர்ஃபிஷ் துள்ளி வெளியே விழும், கொசுவலைத் துணியைச் சட்டத்தில் கட்டி மூடி போட்டுவிடுங்கள். காற்றும் போகும், ஆவியும் போகும்.

எந்த மீனும் நேராகத் தொட்டிக்குப் போகக் கூடாது. தனித் தொட்டியில் நாலு வாரமாவது இருக்கட்டும். உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வரும் நோய் ஒன்று உண்டு. அதன் ஒட்டுண்ணி பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, இரண்டரை மாதம் தொட்டியைக் காலியாகப் போட வேண்டிவரும். தாமிர மருந்தைத் தனித் தொட்டியில்தான் பயன்படுத்தலாம், கல்லும் இறாலும் உள்ள தொட்டியில் அதை ஊற்றினால் இறால் செத்துவிடும். வாங்கி வந்த பையைத் தனித் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, அப்புறம் ஏர் டியூபில் சொட்டுச் சொட்டாக அந்தத் தொட்டித் தண்ணீரை அரை மணி நேரம் கலந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள்.

தீனி நாளுக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. குருணையோடு வாரம் இரண்டு நாள் உறைந்த ஆர்டீமியா என்ற நுண் இறால். பச்சைச் சென்னாக்கூனி கிடைத்தால் நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய பாளமாக உறையவைத்து ஒடித்துப் போடுவேன். கருவாட்டுக் கடைச் சென்னாக்கூனியைப் போடாதீர்கள்.

ஒன்றுவிட்ட ஞாயிறு ஒரு 20 லிட்டர் கேன் தண்ணீர் மாற்றல். 720 கிராம் உப்பு, முந்தின நாளே கரைத்து, சூடும் உப்பும் தொட்டியோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு. மணலின் மேல்படிந்த அழுக்கைக் குழாயால் உறிஞ்சிக்கொண்டே பழைய தண்ணீரை எடுங்கள். அந்த உப்புத் தண்ணீரை வாழைக்கோ துளசிக்கோ ஊற்றிவிடாதீர்கள்.

ஊருக்குப் போகும்போதுதான் பலர் தொட்டியை இழக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அன்பில் ஒரு கைப்பிடித் தீனியைக் கொட்டிவிடுவார். மாமா வீட்டுக் கல்யாணத்துக்காக ஐந்து நாள் வெளியே தங்கியபோது அவன் செய்தது நல்ல ஏற்பாடு. ஒரு நாளுக்கு ஒரு சின்னப் பொட்டலம், மேலே கிழமை எழுதி, ஐந்து பொட்டலம். நல்ல தண்ணீர் ஐந்து பாட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு ஊற்ற வேண்டிய அளவு. தீனி டப்பாவையும் உப்பு டப்பாவையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டுச் சாவியையும் என் போன் நம்பரையும் மட்டும் எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.